குணங்குடி மஸ்தான் சாகிபு

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் உள்ள பழைய துறைமுகங்களுள் ஒன்று தொண்டி. அதற்கு அருகில் உள்ள சிற்றூர் குணங்குடி. அவ்வூரில் வாழ்ந்த நயினா முகம்மது, பாத்திமா இணையருக்கு 1792ஆம் ஆண்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெற்றோர் அக்குழந்தைக்குச் சுல்தான் அப்துல் காதிர் என்று பெயரிட்டனர். பிற்காலத்தில் குணங்குடி மஸ்தான் சாகிபு என்று தமிழுலகம் போற்றிய ஞானக் கவிஞர் இவரே.

இளம் வயதிலேயே அவர் கீழக்கரைக்குச் சென்று அரபு மொழியும் மார்க்கக் கல்வியும் கற்றார். தமிழிலும் நல்ல புலமை பெற்றார். படிப்பு முடிந்ததும் மகனுக்குத் திருமணம் செய்து வைக்கப் பெற்றோர் விரும்பினர். உறவிலேயே பெண்ணும் பார்த்தனர். ஆனால், அவருடைய மனம் இல்லறத்தை நாடவில்லை. பதினேழு வயது அளவில் அவர் வீட்டை விட்டு வெளியேறினார். மகன் தோள்கொடுப்பான் என்று காத்திருந்த குடும்பத்திற்கு அது பேரிழப்பாகும். அந்த இழப்புக்கு ஈடாக அவர் எதைத் தேடினார்?

அவர் தேடியது சூஃபி நெறியை. இஸ்லாத்தில் இறையன்பையும் உள்ளத் தூய்மையையும் வாழ்வின் மையமாகக் கொண்டவர்களே சூஃபிகள். உலகப் பொருள்மீது பற்று இல்லாமல் வாழ்ந்ததால் அவர்களைப் பாரசீக மொழியில் தர்வேசு என்றும் அரபு மொழியில் பக்கீர் என்றும் அழைத்தனர். இரு சொற்களுக்கும் ஏழை என்பதே பொருள். பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் சூஃபிகள் ஞானாசிரியர்களைச் சுற்றிக் குழுக்களாக ஒன்றிணைந்தனர். அக்குழுக்களுக்குத் தரீக்கா என்று பெயர். தரீக்கா என்றால் பாதை. துருக்கியின் கொன்யா நகரில் தோன்றிய மௌலவிய்யா குழுவினர் இசைக்கேற்பச் சுழன்று இறைவனை நினைந்தனர். நக்சுபந்தியா குழுவினர் பெரும்பாலும் மௌனமாக இறைவனை நினைந்தனர். பாக்தாத்தில் 1166ஆம் ஆண்டில் மறைந்த அப்துல் காதிர் ஜீலானியைக் குருவாகக் கொண்ட குழு காதிரிய்யா. இறைவன் திருப்பெயரைப் பலர் கூடி வாய்விட்டு ஓதுவது அதன் வழக்கம். இதனைத் திக்ரு என்பர். தமிழகக் கடற்கரை ஊர்களில் இக்குழுவே வேரூன்றியது. காதர், முகைதீன் என்னும் பெயர்கள் இன்றும் தமிழ் முஸ்லிம்களிடையே மிகுதியாக வழங்குகின்றன. இவை ஜீலானியின் இயற்பெயரையும் சிறப்புப் பெயரையும் ஒட்டியவை. பினாங்கில் 1801ஆம் ஆண்டில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை நிறுவிய தமிழ் முஸ்லிம் தலைவரின் பெயரும் காதர் முகைதீன் என்பதாகும்.

சூஃபி நெறியில் ஒருவர் தாமாகவே ஞானியாகிவிட முடியாது. ஆசிரியரின் கைப்பற்றி உறுதிமொழி எடுக்க வேண்டும். அந்த ஆசிரியரும் தம் ஆசிரியரிடம் அவ்வாறே உறுதிமொழி எடுத்தவராக இருப்பார். இவ்வாறு சங்கிலித் தொடராக ஞானம் கைமாறி வருகிறது. அப்துல் காதிர் திருச்சிராப்பள்ளியில் மௌலவி ஷாம் சாகிபைக் குருவாக ஏற்றார். பின்னர் திருப்பரங்குன்றம் மலையில் நாற்பது நாள் தனித்திருந்து தவம் செய்தார். ஊணையும் உறக்கத்தையும் குறைத்து இறைநினைவில் மூழ்கியிருப்பதே இத்தவம். ஆயினும், இதற்கு எல்லை உண்டு. நாற்பது நாள் முடிந்ததும் தவம் செய்தவர் மனிதர்களிடையே திரும்ப வேண்டும்.

அவரும் திரும்பினார். ஊர் ஊராக அலைந்த அவர், தம்மை மறந்த நிலையில் பாடித் திரிந்தார். மக்கள் அவரை மஸ்தான் என்று அழைத்தனர். மயக்கத்தில் இருப்பவர் என்பது அதன் பொருள். சிலர் அவரைப் பித்தர் என்று எண்ணி விலகினர். இறுதியில் அவர் சென்னை இராயபுரத்தில் முட்புதர் நிறைந்த ஓரிடத்தில் தங்கினார். அந்நிலத்தின் உரிமையாளரான பாவா லெப்பை அவரை ஆதரித்து இடமளித்தார். நாளடைவில், விலகிச் சென்ற மக்களே அவரை நாடி வந்தனர்.

அவர் தம் அனுபவத்தை எளிய தமிழில் பாடினார். ஜீலானியைப் போற்றி முகியித்தீன் சதகம் பாடிய அவரே அகத்தீசர் சதகமும் பாடினார். பராபரக்கண்ணியில் இறைவனிடம் நேராக முறையிட்டார். மனோன்மணிக் கண்ணியில் இறைவனைக் காதலியாக உருவகித்தார். அரபு, பாரசீக சூஃபிக் கவிஞர்கள் கையாண்ட இம்முறையை அவர் தமிழ்ச் சித்தர் மரபின் சொற்களோடு இணைத்தார். அதனால், தாயுமானவர் பாடல்களில் பழகிய காதுகளுக்கு இவர் பாடல்கள் அந்நியமாக ஒலிக்கவில்லை. முஸ்லிம்களோடு இந்துக்களும் அவருக்குச் சீடர்களாயினர். திருத்தணிகை சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடினார்.

1838ஆம் ஆண்டில் மஸ்தான் சாகிபு மறைந்தார். அவருடைய அடக்கத்தலம் இராயபுரத்தில் உள்ளது. ஒரு குடும்பத்தைத் துறந்து சென்ற அவர், தனிமையிலேயே தங்கிவிடவில்லை. மலையில் பெற்றதை மக்களின் மொழியிலேயே மக்களுக்குத் திருப்பித் தந்தார். அதனால்தான், ஒரு காலத்தில் பித்தரைக் குறித்த மஸ்தான் என்னும் சொல் இன்று ஒரு கவிஞரின் சிறப்புப் பெயராக நிலைத்திருக்கிறது.