விஞ்ஞானம் கற்ற தமிழ்ப் பேராசிரியர்

ஆசிரியத் தொழிலை நாடி நிற்கும் இளைஞரை முதலில் மயக்குவது, எப்பாடத்தைச் சிறப்பாகக் கற்பது என்னும் வினாவாகும். உள்ளம் விழையும் பாடம் ஒன்றாயிருக்கும்; உத்தியோகத்தை எளிதில் தரும் பாடம் மற்றொன்றாயிருக்கும். ஒன்றைக் கைக்கொண்டால் மற்றதைக் கைவிடவேண்டும் என்று பலரும் எண்ணி வருந்துவர். அங்ஙனம் ஒன்றையும் கைவிடாது வாழ்ந்து காட்டியவர் விபுலாநந்த அடிகளார்.

ஈழத்தின் கிழக்குக் கரையிலுள்ள காரைதீவில், சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாக, 1892ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனம். பிறந்த ஊரிலே தமிழும் வடமொழியும் பயின்ற பின், கல்முனையிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பெற்றார். 1908இல், தமது 16ஆவது வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தி, தாம் கற்ற கல்லூரியிலேயே ஆசிரியராக அமர்ந்தார். 1911இல் கொழும்பு சென்று ஆங்கில ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையிற் சேர்ந்தார்.

அக்காலத்தில் ஆங்கிலம் கற்ற ஆசிரியரும் தமிழ்ப் பண்டிதரும் இருவேறு உலகங்களில் வாழ்ந்தனர். ஆங்கிலம் அறிந்தார்க்கு அரசாங்க அலுவலகங்களின் கதவு திறந்திருந்தது. தமிழ் மட்டும் அறிந்தார்க்கு அவ்வழி அடைபட்டிருந்தது. மயில்வாகனனாரோ கொழும்பிற் பயிற்சி பெற்ற காலத்திலேயே தென்கோவைக் கந்தையாபிள்ளை என்னும் தமிழறிஞரை அடுத்துப் பழந்தமிழ் நூல்களைப் பாடங்கேட்டார். பயிற்சி முடிந்து மீண்டும் மட்டக்களப்பிற் கற்பித்தவர், 1915இல் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியை அடைந்தார். தமிழார்வம் மிக்க ஒருவர் விஞ்ஞானத்தைத் தேர்ந்துகொண்டது பலருக்கு வியப்பாகத் தோன்றலாம். அதன் பயன் அடுத்த ஆண்டே இருமடங்காக வெளிப்பட்டது. 1916இல் விஞ்ஞானத்தில் டிப்ளோமா பெற்ற அவர், அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டித பரீட்சையிலும் தேறினார். ஈழத்திலிருந்து அப்பட்டம் பெற்றவருள் முதல்வர் என அவரைப் போற்றுவர்.

பின்னர் அத்தொழில்நுட்பக் கல்லூரியில் இரசாயன உதவி ஆசிரியராகவும், யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராகவும் கடமையாற்றினார். கற்பித்துக்கொண்டே கற்றலையும் தொடர்ந்தமையால், 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியானார். அவ்வாண்டே மானிப்பாய் இந்துக் கல்லூரி அவரைத் தலைமையாசிரியராக ஏற்றது. 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்து, 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தரானார். துறவு கொண்டபோதும் ஆசிரியப் பணியைத் துறந்தாரல்லர். ஈழம் மீண்டு மிஷன் பாடசாலைகளை வளர்த்தார். மட்டக்களப்பு கல்லடி உப்போடையிற் சிவாநந்த வித்தியாலயத்தை நிறுவினார்.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தன் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அவரை அமர்த்தியது. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் அங்ஙனமே செய்தது. விஞ்ஞானப் பட்டம் பெற்ற ஒருவர் இரு நாடுகளில் முதல் தமிழ்ப் பேராசிரியராயினார். இடையே 1936இல், சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் கலைச்சொல்லாக்க மாநாடு கூடியபோது அதற்குத் தலைமை தாங்கினார். இரசாயனமும் பௌதிகமும் தமிழிற் கற்பிக்கப்பட வேண்டுமாயின், பொருளறிவும் சொல்லறிவும் ஒருவரிடத்தே கூடியிருத்தல் வேண்டும். விஞ்ஞானம் மட்டும் கற்றவர் தகுந்த தமிழ்ச்சொற் காணாது இடர்ப்படுவர்; தமிழ் மட்டும் கற்றவர் சொல்லைக் கண்டும் அது குறிக்கும் பொருளை அறியாது மயங்குவர்.

இரு படிப்பும் ஒன்றாகிக் கனிந்த கனியே யாழ் நூல். வழக்கொழிந்து போன பழந்தமிழர் யாழ்களை மீட்டும் அறிதற்கு, சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை அவர் ஆதாரமாகக் கொண்டார். செய்யுளின் சொற்பொருளைத் தெளியப் பண்டிதர் புலமை உதவியது. ஆயின், நரம்பின் நீளத்துக்கும் அதிற் பிறக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை நிகண்டு சொல்லாது. நரம்பின் பாதியை மீட்டினால் அதே சுரம் மேல் தானத்தில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்கை மீட்டினால் இளி என்னும் பஞ்சமம் பிறக்கும். இத்தகைய ஒலியியற் கணக்குகளைக் கொண்டு பழைய இசை நூலாரின் சுருதி முறையை அவர் ஆராய்ந்தார். பல்லாண்டு உழைப்பின் பயனாகிய அந்நூல், 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் அடிகளார் மறைந்தார்.

இளமையில் விஞ்ஞான வகுப்பிற் கழிந்த ஆண்டுகள் தமிழுக்கு இழப்பாயின என்று யாரும் இன்று சொல்லார். அவ்வாண்டுகள் இல்லையேல் யாழ் நூலும் இல்லை. ஆதலின், ஆசிரியராக விழையும் மாணவர், எப்பாடம் மேலானது என்று வழக்காடுவதை விடுத்து, தாம் கற்கும் பாடத்தை ஆழமாகக் கற்பாராக. உள்ளம் விழைந்த மற்றொன்றையும் கைவிடாதிருப்பாராக. ஆசிரியர் கற்ற எதுவும் வீண்போவதில்லை.