ஒழுங்கால் உயர்ந்த ஆசிரியர் உ.வே.சா.

ஆசிரியப் பணியில் இருக்கும் நம்மிடையே அடிக்கடி எழும் முறையீடு ஒன்று உண்டு. நேரம் போதவில்லை என்பதே அது. வருகைப் பதிவேடு, பாடக்குறிப்பு, திருத்த வேண்டிய விடைத்தாள்கள், தேர்வு மேற்பார்வை ஆகியவற்றிற்கிடையே ஆய்வுக்கும் படிப்புக்கும் இடமேது என்று நாம் வினவுகிறோம். இம்முறையீட்டை முற்றும் பொய்யென ஒதுக்க முடியாது. ஆயினும், நம்மைப் போலவே கல்லூரி மணியோசைக்குக் கட்டுப்பட்டு வகுப்பறையில் நின்ற ஒருவர், அப்பணியினூடேயே சங்கத்தமிழை மீட்டுத் தந்தார் என்பதை எண்ணும்போது நம் முறையீடு சற்றே வலிவிழக்கிறது. அவரே மகாமகோபாத்தியாய டாக்டர் உ.வே. சாமிநாதையர்.

மாணவரும் ஆசிரியரும்

1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் பிறந்த ஐயர், 1871 முதல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார். சமயம் கருதாது தமிழ் வழங்கிய அவ்வாசிரியரின் மாணவர் வரிசையில் நாகூர் குலாம் காதிறு நாவலரும் ஒருவராவார். பிள்ளையவர்கள் கடல்மடை திறந்தாற்போலப் பாடும் ஆற்றலர். பாடியவற்றையெல்லாம் பேணி வைப்பதில் அவர் மனம் சென்றதில்லை. அதனால் அவர்தம் படைப்புகளிற் சில கிடைக்காமலே போயின. 1876இல் ஆசிரியர் மறைந்தபின், அவ்விழப்பு எத்தகையது என்பதை மாணவர் நன்குணர்ந்திருந்தார். பேணி வைக்காத புலமை பிறருக்குப் பயன்படாது போகும் என்னும் பாடத்தை ஐயர் இங்கேதான் கற்றிருத்தல் வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது.

வகுப்பறையில் ஐயர்

1880ஆம் ஆண்டு பிப்ரவரியில், தியாகராச செட்டியார் ஓய்வு பெற்ற இடத்தில், கும்பகோணம் அரசினர் கல்லூரித் தமிழாசிரியராக ஐயர் அமர்ந்தார். அப்போது அவருக்கு அகவை 25. ஆங்கிலக் கல்வியே பெரிதென மதிக்கப்பட்ட காலம் அது. தமிழ் வகுப்பை மாணவர் எளிதாகக் கருதிய சூழலில், இசைப் பயிற்சி மிக்க ஐயர் செய்யுள்களை இசையோடு படித்துக் காட்டிப் பொருள் விளக்கினார். மாணவர் உள்ளம் அவர்வயப்பட்டது.

அதே ஆண்டு அக்டோபரில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தது அவர் வாழ்வின் திருப்புமுனையாயிற்று. தாம் கற்ற நூல்களை ஐயர் அடுக்கிக் கூறியும் முதலியார் நிறைவு கொள்ளவில்லை. சீவகசிந்தாமணி முதலிய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். விடையில்லாது நின்ற ஐயர் அன்று தொடங்கிய தேடல், இறுதிவரை ஓயவில்லை.

ஒழுங்கின் பயன்

இப்பெரும் பணிக்காக ஐயர் கல்லூரிப் பணியைத் துறக்கவில்லை. பகலில் வகுப்பு, எஞ்சிய பொழுதில் சுவடி ஒப்பீடு, விடுமுறை வந்தால் ஏடு தேடும் பயணம் அல்லது அச்சுவேலைக்காகச் சென்னைப் பயணம் என்று ஒவ்வொன்றிற்கும் உரிய காலத்தைப் பகுத்துக்கொண்டார்.

நினைவாற்றல் மிக்க அவர், நினைவை மட்டும் நம்பியிருக்கவில்லை என்பது நாம் ஊன்றி நோக்கத்தக்கது. அருஞ்சொற்கள், ஆட்பெயர்கள், உரையாசிரியர் காட்டிய மேற்கோள்கள் ஆகியவற்றைத் தனித்தனியே குறித்து அகரவரிசைப்படுத்தி வைத்தார். சிந்தாமணி உரையில் நச்சினார்க்கினியர் நூற்பெயர் சுட்டாது காட்டிய அடிகள் பல. திருவாவடுதுறை மடத்துப் பழஞ்சுவடியில் சங்க நூல்களைக் கண்டபோது, அவ்வடிகளிற் பல அங்கே இருப்பதை ஐயரால் இனங்காண முடிந்தது. முறையாகக் குறித்து வைத்திராதவர் கண்ணுக்கு அது புலப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

ஒழுங்கின்மையின் விளைவையும் அவர் கண்ணாரக் கண்டார். கரிவலம்வந்தநல்லூருக்கு ஏடு தேடிச் சென்றபோது, அங்கிருந்த பழைய சுவடிகள் நெய்யில் தோய்க்கப்பட்டு ஓமத் தீயில் இடப்பட்டன என்னும் செய்தியே அவரை எதிர்கொண்டது. இன்ன ஏட்டில் இன்ன நூல் உள்ளது என்று எழுதி வைப்பாரில்லாத இடத்தில், அரிய நூலும் குப்பையாகவே கருதப்படும்.

கும்பகோணத்தில் பணியாற்றிய 23 ஆண்டுகளிலேயே சீவகசிந்தாமணி (1887), பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898), ஐங்குறுநூறு (1903) ஆகியவை வெளிவந்தன. 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி, 1919இல் ஓய்வு பெறும்வரை பதிற்றுப்பத்தும் பரிபாடலும் தந்தார். முன்னுரை, பாடவேறுபாடு, அரும்பத அகராதி எனப் பகுத்தமைத்த அப்பதிப்புகளைத் திறந்தால், தேடும் பொருள் உடனே கிட்டும். பின்வரும் மாணவர் இடர்ப்படலாகாது என்னும் ஆசிரிய உள்ளமே அவ்வமைப்பில் வெளிப்படுகிறது. பல்லாண்டுகள் சேர்த்து வைத்த செய்திகளைக் கொண்டே தம் ஆசிரியரின் வரலாற்றை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்டார். பேணப்படாது போன புலமைக்கு மாணவர் செலுத்திய கடன் அது. 1942 ஏப்ரல் 28இல் அவர் மறைந்தார்.

நாம் செய்ய வேண்டுவது

சென்ற ஆண்டு நன்கு நடத்திய ஒரு பாடத்தின் குறிப்பை இவ்வாண்டு தேடிக் காணாது, வெறுங்கையோடு வகுப்பிற்குச் சென்ற நாள் நமக்கும் உண்டு. அன்று இழப்பு நமக்கன்று. நம் முன் அமர்ந்திருந்த மாணவர்க்கே. மாணவர் கேட்டு, நாளை சொல்வோம் என்று நாம் ஒத்திவைத்து, பின் மறந்தேபோன வினாக்கள் எத்தனை!

ஒழுங்கு என்பது மேசையை அழகுற அடுக்கி வைப்பதன்று. மாணவர்க்குரியதை உரிய வேளையில் எடுத்துத் தருவதற்கான ஆயத்தமே ஒழுங்காகும். அதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு குறிப்பேடும், வகுப்பு முடிந்தவுடன் அன்று நடத்தியதையும் எஞ்சியதையும் எழுதி வைக்கும் சில நிமிடங்களும் போதும். ஐயரின் புலமை எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. அவர்தம் ஒழுங்கோ, விரும்பினால் நம் ஒவ்வொருவர்க்கும் கைகூடுவதே. நாளைய வகுப்பிலிருந்தே அதனைத் தொடங்குவோமாக.