நார்பர்ட் வீனர்

சிந்திக்கும் யந்திரங்களைக் கண்டு உலகம் வியக்கும் இந்நாளில், அவற்றால் விளையக்கூடிய தீங்கை முன்னரே உணர்ந்த ஓர் அறிஞரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

நார்பர்ட் வீனர் 1894-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள மிஸௌரி மாகாணத்திற் பிறந்தார். 18-ஆம் வயதிலேயே ஹார்வர்டு சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். 1919 முதல் மாசசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கலாசாலையில் கணிதம் போதித்தார். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, பறந்து செல்லும் விமானம் அடுத்த கணத்தில் எங்கிருக்கும் என்று கணித்துப் பீரங்கியைத் திருப்பும் முறையை ஆராய்ந்தார். தன் செய்கையின் பயனை அறிந்து தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் யந்திரத்தின் தத்துவம் அதனால் அவருக்குத் தெளிவாயிற்று. அத்தத்துவத்தை 1948-ல் ‘சைபர்நெடிக்ஸ்’ என்னும் நூலில் விளக்கினார்.

ஆயினும், 1945-ல் ஹிரோஷிமா நகருக்கு நேர்ந்த அழிவு அவர் உள்ளத்தை வருத்திற்று. ஏவுகணைகளை ஆராய்ந்த ஒருவர் தம் பணிக்கென அவருடைய யுத்தகாலக் கட்டுரையை வேண்டியபொழுது, அதனைத் தர மறுத்தார். அம்மறுப்பு 1947-ல் பத்திரிகையில் வெளிவந்தது. 1949-ல், தாமே இயங்கும் யந்திரங்களால் தொழிலாளர் வேலையிழப்பர் என்று மோட்டார்த் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்ட்டர் ரூதருக்கு எழுதி எச்சரித்தார். 1964-ல் ஸ்டாக்ஹோம் நகரில் காலமானார்.

அவர் மறுத்ததனால் ஏவுகணைகள் நின்றுவிடவில்லை. எனினும், கண்டறிந்த அறிவு எவர் கையிற் சேரும் என்று வினவுதலும் கற்றோர் கடனே என்பதை அவர் வாழ்க்கையால் நாம் அறிகின்றோம்.