கே. எஸ். கிருஷ்ணன்

சர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் (டிசம்பர் 4, 1898 – ஜூன் 14, 1961) தமிழகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் ஆவார். ராமன் விளைவைக் கண்டறிந்த ஆய்வில் சி. வி. ராமனுடன் இணைந்து பணியாற்றியவர். எரியும் சுடரிலுள்ள வளிமங்களை லேசர் கொண்டு பகுத்தறியும் முறைகளுள் ஒன்று இவ்விளைவை அடிப்படையாகக் கொண்டது.

இளமைக் காலம்

அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த வத்திராயிருப்பில் பிறந்தார். இவ்வூர் 1910-ல் இராமநாதபுரம் மாவட்டத்துடன் சேர்க்கப்பட்டது; தற்போது விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று ராமனின் ஆய்வுக்குழுவில் சேர்ந்தார்.

ராமன் விளைவு

தூசு நீக்கிய திரவங்களின் ஊடே ஒளியைச் செலுத்தி, சிதறும் ஒளியைக் கிருஷ்ணன் ஆராய்ந்தார். சிதறிய ஒளியின் ஒரு சிறு பகுதி நிறம் மாறியிருந்தது. 1928 பிப்ரவரி 28 அன்று இவ்விளைவு உறுதி செய்யப்பட்டது. ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரிலும் எழுதப்பட்ட கடிதம் அவ்வாண்டு மார்ச் 31 நேச்சர் இதழில் வெளியானது. எனினும், 1930-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு ராமனுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. கண்டுபிடிப்பில் கிருஷ்ணனின் பங்கு குறித்துப் பிற்காலத்தில் விவாதங்கள் எழுந்தன.

சுடர் ஆய்வில் பயன்பாடு

சுடரினுள் குழாயைச் செருகி வளிமத்தை உறிஞ்சினால் சுடரின் இயல்பே மாறிவிடும். ஒளிக்கற்றை அவ்வாறு குலைப்பதில்லை. ஒவ்வொரு மூலக்கூறும் சிதறும் ஒளியின் அலையெண்ணைத் தனக்கே உரிய அளவில் மாற்றுகிறது. நைட்ரசனுக்கு இம்மாற்றம் சென்டிமீட்டருக்குச் சுமார் 2330 அலைகள். ஆக்சிசனுக்குச் சுமார் 1555. கோட்டின் செறிவிலிருந்து வளிமத்தின் அளவையும், மூல ஒளியின் இருபுறமும் தோன்றும் கோடுகளின் விகிதத்திலிருந்து வெப்பநிலையையும் கணக்கிடலாம். ஆனால் ராமன் சிதறல் மிகவும் நலிவானது; சாதாரண விளக்கைப் பயன்படுத்தினால் சுடரின் சொந்த ஒளியில் அது மறைந்துவிடும். 1960-ல் உருவான லேசர் இத்தடையை நீக்கியது. 1970களில் இம்முறை எரிதல் ஆய்வுகளில் பயன்பாட்டுக்கு வந்தது.

பிற்காலம்

டாக்கா பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராய்ந்தார். 1933-ல் கல்கத்தா திரும்பினார். 1942-ல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1947-ல் புது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றார். அங்கு, சூடான பொருட்களிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்படுவதை ஆராய்ந்தார். முதல் லேசர் இயங்கிய மறு ஆண்டே காலமானதால், தாம் பங்கேற்ற கண்டுபிடிப்பு சுடர்களை ஆராயும் கருவியானதை அவர் காணவில்லை.

சிறப்புகள்

* அரச கழக உறுப்பினர் (1940)
* சர் பட்டம் (1946)
* பத்மபூசண் (1954)
* சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசு (1958). இப்பரிசை முதன்முதலில் பெற்றவர் இவரே.