கப்பலில் ஒரு பிரிசம், டம்ளரில் நாலு சொட்டு பால்

பிப்ரவரி 28 வந்தா நம்ம காலேஜ்ல போஸ்டர் ஒட்டி, ராமன் எஃபெக்ட்னு ரெண்டு வரி எழுதி முடிச்சிடுவோம். அந்த மனுஷன் எப்படி வேலை செய்தார் என்பதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. அதுல கொஞ்சத்தை நம்ம வீட்டு சமையலறையிலேயே செஞ்சு பார்க்கலாம்.

சி.வி. ராமன் பிறந்தது 1888 நவம்பர் 7, திருச்சி திருவானைக்காவலில். அப்பா விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர், அதனால பள்ளிப்படிப்பு அங்கே. நாம ஒன்பதாவது படிக்கிற வயசுல அவர் சென்னை பிரசிடென்சி காலேஜில் பி.ஏ. சேர்ந்துட்டார். 18 வயசுல லண்டன் பத்திரிகையில் முதல் ஆய்வுக் கட்டுரை! இங்கிலாந்து போனா உடம்பு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிவிட, நிதித்துறைத் தேர்வு எழுதி 1907-ல் கல்கத்தாவில் அரசு கணக்கு அதிகாரி ஆனார். நம்ம பாஷையில் செம பேக்கேஜ்.

ஆனா ஆபீசுக்கு முன்னாடியும் பின்னாடியும் பவ்பஜார் தெருவில் இருந்த ஒரு அறிவியல் கழகத்தின் லேபில்தான் இருப்பார். பத்து வருஷம் இப்படியே. வீணை, தம்புரா, மிருதங்கம் எல்லாமே அவருக்கு சோதனைக் கருவிகள். சாதாரண மேளம் தட்டினா சத்தம்தான் வரும், மிருதங்கத்தில் ஸ்வரம் எப்படி வருது? நடுவில் இருக்கும் கறுப்புப் பூச்சுதான் தோலின் அதிர்வுகளை ஒழுங்கான விகிதத்துக்குக் கொண்டு வருதுன்னு காட்டினார். தோல் மேல மணல் தூவி அந்த அதிர்வைக் கண்ணாலயும் பார்த்தார். நீங்க பலூனை வெட்டி ஒரு கிண்ணத்தின் வாயில் இழுத்துக் கட்டி, கொஞ்சம் ரவை தூவி, பக்கத்துல போய் ஊன்னு ராகம் இழுங்க. சில சுருதிக்கு மட்டும் ரவை நல்லா துள்ளும்.

1917-ல் அந்த வேலையை விட்டுட்டு, அதைவிடக் குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

1921-ல் இங்கிலாந்திலிருந்து நர்குண்டா கப்பலில் திரும்பும்போது நடந்ததுதான் விஷயமே. வானத்தின் பிரதிபலிப்பால்தான் கடல் நீலமா தெரியுதுன்னு எழுதியிருந்தவர் ராலே பிரபு, நோபல் வாங்கியவர். நாமளா இருந்தா அப்படியே எழுதி ரெண்டு மார்க் வாங்கியிருப்போம். ராமன் கையில் ஒரு சின்ன நிக்கல் பிரிசம் இருந்தது. சரியான கோணத்தில் பிடிச்சா, தண்ணீரில் பட்டு வரும் வானத்து ஒளியை அது மறைச்சிடும். மறைச்சுப் பார்த்தார். நீலம் போகல, இன்னும் அடர்த்தியாச்சு. அப்போ தண்ணீரே ஒளியைச் சிதறடிக்குது. (தண்ணீர் சிவப்பை உறிஞ்சுவதும் பெரிய காரணம்னு இப்போ தெரியும்.)

சிதறலைப் பார்க்கக் கடல் வேண்டாம். கண்ணாடி டம்ளர் தண்ணியில் நாலு சொட்டு பால் விட்டு, இருட்டு ரூமில் செல்போன் டார்ச் அடிங்க. பக்கவாட்டில் லேசான நீலம், எதிர்ப்பக்கம் இருந்து பார்த்தா மஞ்சள். அஞ்செட்டி கேம்ப்பில் பசங்களுக்கு இதைக் காட்டினப்ப, ஏழாவது படிக்கிற ஒரு பொண்ணு, பாலுக்குப் பதிலா சோப்புத் தண்ணி ஊத்தினா வருமான்னு கேட்டுச்சு. பதில் சொல்லாம சோப்பைக் கையில் கொடுத்தோம். கரைச்சு ஊத்திப் பார்த்துட்டு, வருதுன்னு கத்துச்சு.

1928 பிப்ரவரி 28 கண்டுபிடிப்பும் இதே வழியில் வந்ததுதான். கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து சூரிய ஒளி, நிறக் கண்ணாடிகள், சுத்தமான திரவங்கள், கூடவே சொந்தக் கண்கள். சிதறும் ஒளியில் மிகக் கொஞ்சம் நிறம் மாறி வருது. 1930-ல் நோபல்.

1933-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர். அங்கே ஒரு கசப்பும் உண்டு. ஆராய்ச்சி செய்ய வந்த கமலா சோஹோனியைப் பெண் என்பதாலேயே முதலில் மறுத்தார், விடாமல் போராடிய பிறகுதான் நிபந்தனையோடு சேர்த்தார். ராலேயை நம்பாம சோதிச்சவர், இந்த நினைப்பைச் சோதிக்காமலே நம்பிட்டார். எனக்கு இது உறுத்துது.

1948-ல் பெங்களூரிலேயே சொந்தமா ஆய்வு நிறுவனம் தொடங்கி, 1970 நவம்பர் 21-ல் இறக்கும்வரை நிறங்கள் பின்னாடியே அலைந்தார். அந்த வளாகத் தோட்டத்திலேயே எரியூட்டினாங்க. அங்கே சமாதி கிடையாது, ஒரு மரம்தான் நிக்குது.