காற்றில் கலந்த கண்டுபிடிப்புகள்

புவி வெப்பமாதல், ஓசோன் படலம், உலகமயமாக்கல் ஆகிய மூன்று சொற்களும் ஏறத்தாழ ஒரே காலகட்டத்தில் நம் பொதுப் பேச்சுக்குள் நுழைந்தவை. அதனாலோ என்னவோ, ஒன்றை மற்றொன்றாகக் கருதும் குழப்பம் இன்றும் நீங்கவில்லை. ஓசோன் படலத்தில் விழுந்த ஓட்டையின் வழியே வெயில் கூடுதலாக இறங்குவதால்தான் பூமி சூடாகிறது என்று நம்புவோர் படித்தவர்களிடையேயும் உண்டு. இம்மூன்றும் எங்கே வேறுபடுகின்றன, எங்கே சந்திக்கின்றன என்பதை அறிய ஒரு மனிதரின் வாழ்க்கை பெரிதும் உதவும். அவர் அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லி.

பென்சில்வேனியா மாநிலத்தின் பீவர் ஃபால்ஸ் என்ற ஊரில் 1889-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் மிட்ஜ்லி பிறந்தார். தந்தையும் ஒரு கண்டுபிடிப்பாளர்தான். ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் வளர்ந்த மகன், 1911-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். வேதியியல் அவர் முறையாகப் பயின்ற துறை அன்று. எனினும், அவருக்குப் புகழையும் விருதுகளையும், வாழ்நாளின் இறுதியில் அமெரிக்க வேதியியல் கழகத்தின் தலைவர் பதவியையும் தேடித் தந்தது வேதியியலே.

1916-இல் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங்கின் ஆய்வுக்கூடத்தில் அவர் பணியில் சேர்ந்தார். அந்த ஆய்வுக்கூடம் பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் அங்கமாயிற்று. அக்கால மோட்டார் வாகனங்களுக்கு ஒரு தீராத நோய் இருந்தது. என்ஜினுக்குள் எரிபொருளின் ஒரு பகுதி சீராக எரியாமல் தானாகவே வெடித்து, சம்மட்டியால் தட்டுவதுபோல ஒலி எழுப்பும். அதனால் என்ஜினின் ஆற்றல் குறைந்தது, பாகங்கள் பழுதடைந்தன. அதைத் தடுக்கும் பொருளைத் தேடும் வேலை மிட்ஜ்லியிடம் ஒப்படைக்கப்பட்டது. அயோடின், அனிலின், செலினியம், டெல்லூரியம் என ஒவ்வொன்றாகச் சோதித்தார். சில விலை மிகுந்தவை. சில சகிக்க முடியாத நாற்றம் கொண்டவை. 1921-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் டெட்ராஎத்தில் ஈயம் என்ற சேர்மத்தைக் கலந்தபோது என்ஜினின் ஓசை அடங்கியது. ஒரு காலன் பெட்ரோலுக்குச் சில கிராம் போதுமானதாக இருந்தது.

ஈயம் நஞ்சு என்பது அன்று எவருக்கும் தெரியாத செய்தியன்று. பல நூற்றாண்டுகளாக மருத்துவர்கள் அறிந்ததே. என்ஜினின் தட்டும் ஓசையை எத்தில் ஆல்கஹாலும் தடுக்கும் என்பதை மிட்ஜ்லியும் கெட்டரிங்கும் அறிந்திருந்தனர். ஆனால், எவரும் வடித்தெடுக்கக்கூடிய சாராயத்துக்குக் காப்புரிமை பெற முடியாது. ஈயக் கலவைக்குப் பெற முடியும். 1923-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் டேட்டனில் அதன் விற்பனை தொடங்கியது. வணிகப் பெயர் எத்தில். ஈயம் என்ற சொல் அப்பெயரில் இடம்பெறவில்லை. அதே ஆண்டின் தொடக்கத்தில் மிட்ஜ்லி, ஈயப் புகையால் தம் உடல்நலம் குன்றியதை உணர்ந்து, பணியிலிருந்து விடுப்புப் பெற்றுச் சிறிது காலம் ஓய்வெடுக்க நேர்ந்தது.

1924-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நியூ ஜெர்சியில் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் ஆலையில் இந்தச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் மனநிலை பிறழ்ந்து, வலிப்பு கண்டு வீழ்ந்தனர். ஐந்து பேர் உயிரிழந்தனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். பொதுமக்களின் அச்சத்தைத் தணிக்க நியூயார்க்கில் செய்தியாளர் சந்திப்பு ஒன்று நடத்தப்பட்டது. மிட்ஜ்லி அந்தத் திரவத்தில் தம் கைகளைக் கழுவிக் காட்டினார். ஒரு நிமிட நேரம் அதன் ஆவியை முகர்ந்தும் காட்டினார். தமக்கு ஒன்றும் நேராததே அது பாதுகாப்பானது என்பதற்குச் சான்று என்பது அவர் வாதம். ஓராண்டுக்கு முன்பே அதே பொருளால் நோயுற்றதை அவர் அங்கே நினைவுகூரவில்லை.

1925-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க அரசின் பொது சுகாதாரத் தலைமை மருத்துவர் கூட்டிய மாநாட்டில், தொழில்சார் நோய்களில் தேர்ந்த மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் உள்ளிட்டோர் ஈயப் பெட்ரோலைக் கடுமையாக எதிர்த்தனர். விற்பனை தாற்காலிகமாக நின்றது. அடுத்த ஆண்டு, குறுகிய கால ஆய்வொன்றின் அடிப்படையில், தடை விதிக்கப் போதிய காரணம் இல்லை என்று நிபுணர் குழு அறிவித்தது. தொடர்ந்து ஆராய வேண்டும் என்ற அக்குழுவின் பரிந்துரை நடைமுறையில் தொழில் நிறுவனங்களின் பொறுப்பிலேயே விடப்பட்டது. தீங்கு உண்டு என்று சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்ற நிலை உருவாகி, சுமார் நாற்பது ஆண்டுகள் நீடித்தது.

மிட்ஜ்லியின் இரண்டாவது கண்டுபிடிப்பின் கதை வேறு வகையானது. 1920-களில் வீட்டுக் குளிர்பதனப் பெட்டிகளில் அம்மோனியா, சல்ஃபர் டையாக்சைடு, மெத்தில் குளோரைடு ஆகிய வாயுக்கள் பயன்பட்டன. நச்சுத்தன்மை கொண்ட அவை இரவில் கசிந்து, உறங்கிக்கொண்டிருந்தவர்களின் உயிரைப் பறித்த நிகழ்வுகள் உண்டு. நஞ்சில்லாத, தீப்பற்றாத ஒரு குளிர்பதன வாயுவைக் கண்டறியுமாறு 1928-இல் கெட்டரிங் அவரைக் கேட்டுக்கொண்டார். தனிம வரிசை அட்டவணையை முன்னால் வைத்துக்கொண்டு சிந்தித்த மிட்ஜ்லியும் அவருடைய குழுவினரும் ஃபுளோரின் சேர்மங்களின் பக்கம் திரும்பினர்.

இதற்குத் தேவைப்பட்ட ஆன்டிமனி டிரைஃபுளோரைடு என்ற வேதிப்பொருள் ஐந்து சிறிய சீசாக்களே கிடைத்தன. அவற்றில் ஒன்றை எடுத்து வாயுவைத் தயாரித்து, கினி எலி ஒன்றைச் சுவாசிக்க வைத்தனர். அது உயிரோடு இருந்தது. இரண்டாவது சீசாவிலிருந்து தயாரித்தபோது விலங்கு இறந்தது. மாசு கலந்த மூலப்பொருளால் ஃபாஸ்ஜீன் என்னும் கொடிய நச்சு வாயு உருவானதே காரணம் என்று பின்னர் தெரிந்தது. ஐந்தில் தூய்மையாக இருந்தது முதலில் கைக்குக் கிடைத்த அந்த ஒரு சீசாதான். வேறு எதை எடுத்துத் தொடங்கியிருந்தாலும் அந்த முயற்சி அன்றே கைவிடப்பட்டிருக்கக்கூடும் என்று மிட்ஜ்லியே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

1930-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அட்லாண்டா நகரில் நடந்த வேதியியல் கழகக் கூட்டத்தில் அவர் அந்த வாயுவை மூச்சில் இழுத்து, எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியின் மேல் ஊதினார். சுடர் அணைந்தது, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நஞ்சுமில்லை, தீயும் பற்றாது என்பது ஒரே மூச்சில் மெய்ப்பிக்கப்பட்டது. ஃபிரீயான் என்ற பெயரில் சந்தைக்கு வந்த அந்தக் குளோரோஃபுளோரோகார்பன், குளிர்பதனப் பெட்டியை அச்சமின்றி வீட்டுக்குள் வைக்கக்கூடிய பொருளாக்கியது. உணவும் மருந்தும் கெடாமல் காக்கப்பட்டன. இந்தப் பயனை மறுப்பது நேர்மையாகாது.

1940-இல் இளம்பிள்ளை வாதம் தாக்கி மிட்ஜ்லியின் கால்கள் செயலிழந்தன. படுக்கையிலிருந்து எழுவதற்குக் கயிறுகளும் கப்பிகளும் கொண்ட அமைப்பு ஒன்றைத் தமக்காகத் தாமே வடிவமைத்துக்கொண்டார். 1944-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், அந்தக் கயிறுகளில் கழுத்து இறுகிய நிலையில் அவர் இறந்து கிடந்தார். அப்போது அவருக்கு வயது 55. மனிதகுலத்துக்கு நன்மை செய்த பெரும் கண்டுபிடிப்பாளராகவே உலகம் அவருக்கு விடை கொடுத்தது.

அவருடைய கண்டுபிடிப்புகள் உலகை முழுமையாக வலம் வந்தது அதன் பின்னரே. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வணிக விரிவாக்கத்தில் கார்களும் குளிர்பதனப் பெட்டிகளும் தெளிப்பான் புட்டிகளும் நாடு நாடாகச் சென்றன. 1970-களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் லவ்லாக் என்ற பிரிட்டிஷ் அறிஞர், அன்டார்க்டிகாவை நோக்கிச் சென்ற கப்பலில் இருந்து காற்றை அளந்தபோது, தொழிற்சாலையே இல்லாத பெருங்கடலின் மேலும் இந்த வகை வாயு பரவியிருந்ததைக் கண்டார். டேட்டனில் பிறந்த ஒரு மூலக்கூறு, எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாமல் உலகமயமாகியிருந்தது.

எதனோடும் வினைபுரியாத தன்மைதான் அந்த வாயுவின் சிறப்பு எனப்பட்டது. அதுவே கேடாக முடிந்தது. கீழ்க்காற்றில் எதனாலும் சிதைக்கப்படாமல் அது மெல்ல மெல்ல மேலேறி, ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள ஓசோன் படலத்தை எட்டுகிறது. அங்கே வலிமையான புற ஊதாக் கதிர்கள் அதை உடைத்து, குளோரின் அணுவை விடுவிக்கின்றன. ஒரே ஒரு குளோரின் அணு, தான் அழியாமலே பல்லாயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளை அடுத்தடுத்துச் சிதைக்க வல்லது. இதை 1974-இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் எடுத்துரைத்தனர். 1985-இல் பிரிட்டிஷ் அன்டார்க்டிக் ஆய்வாளர்கள், தென்துருவ வானில் வசந்த காலந்தோறும் ஓசோன் பெருமளவு குறைந்துவருவதை அறிவித்தனர்.

நம் முதல் குழப்பத்துக்கு விடை இங்கே கிடைக்கிறது. ஓசோன் குறைந்தால் புற ஊதாக் கதிர்கள் கூடுதலாகத் தரையை அடைகின்றன. தோல் புற்றுநோயும் கண்புரையும் பெருகும், பயிர்கள் பாதிக்கப்படும். புவி வெப்பமாதல் வேறு நிகழ்வு. சூரிய ஒளியால் சூடான நிலமும் நீரும் வெளியிடும் வெப்பத்தை விண்வெளிக்குப் போகவிடாமல் கரியமில வாயு போன்றவை தடுத்து வைப்பதே அது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதே அதற்குத் தலையாய காரணம். ஓசோன் ஓட்டை காரணமன்று. ஆயினும், மிட்ஜ்லியின் வாயு இரண்டு தீங்குகளையும் செய்யும். எடைக்கு எடை ஒப்பிட்டால், நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப்போலச் சுமார் பத்தாயிரம் மடங்கு வெப்பமூட்டும் திறன் அதற்கு உண்டு.

1987-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் மான்ட்ரியல் உடன்படிக்கை உருவானது. அதை உலக நாடுகள் அனைத்தும் ஏற்றுக்கொண்டன. இந்த வாயுக்களைத் தயாரித்தவை ஒருசில பெரு நிறுவனங்களே. மாற்று வாயுக்களும் கிடைத்தன. உடன்படாத நாடுகளோடு வணிகம் செய்யக் கட்டுப்பாடு இருந்தது. மாற்றத்துக்கான செலவைப் பணக்கார நாடுகள் ஏற்க வேண்டும் என்று இந்தியாவும் சீனாவும் வலியுறுத்தின. 1990-இல் லண்டனில் அதற்கான நிதியம் உறுதியான பின், 1992-இல் இந்தியா இணைந்தது. அன்டார்க்டிகாவின் ஓசோன் இந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின், ஏறத்தாழ 2066-இல், பழைய நிலைக்குத் திரும்பும் என்று ஐ.நா. ஆதரவு பெற்ற அறிவியல் மதிப்பீடு கூறுகிறது. தீங்கைப் பரப்பிய அதே உலகளாவிய வணிகப் பிணைப்பு, விதி வகுக்கப்பட்டபோது தீர்வையும் பரப்பியது.

ஈயப் பெட்ரோலுக்கு அப்படிப்பட்ட உடன்படிக்கை எதுவும் அமையவில்லை. அமெரிக்கா 1970-களில் அதைக் குறைக்கத் தொடங்கியது. இந்தியா அதைக் கைவிட்டது 2000-ஆம் ஆண்டில். கடைசி நாடான அல்ஜீரியாவில் விற்பனை நின்றது 2021-இல். 98 ஆண்டுகள் அந்தப் புகையைச் சுவாசித்த குழந்தைகளின் அறிவாற்றல் இழப்பை எந்த நிதியமும் ஈடுசெய்யவில்லை.

ஈயத்தின் தீங்கு மிட்ஜ்லிக்கும் அவருடைய நிறுவனத்துக்கும் தெரியும், மறைத்தார்கள். குளிர்பதன வாயுவின் தீங்கை 1930-இல் எவரும் அறிந்திருக்க வாய்ப்பில்லை. இரண்டையும் ஒரே குற்றமாகத் தீர்ப்பது அவருக்கு இழைக்கும் அநீதி. ஆனால், இரண்டிலும் சோதனை முறை ஒன்றே: முகர்ந்து பார்த்தவர் பிழைத்திருந்தால் பொருள் பாதுகாப்பானது. பயன்படுத்திய பின் அது எங்கே போகிறது, எத்தனை காலம் தங்குகிறது என்ற கேள்வியை அந்த மேடைகளில் எவரும் எழுப்பவில்லை.

அந்தக் கேள்வி இன்றைக்கும் உரியது. குளோரோஃபுளோரோகார்பனுக்கு மாற்றாக வந்த ஹைட்ரோஃபுளோரோகார்பன் ஓசோனைத் தீண்டாது. ஆனால், பூமியைக் கடுமையாகச் சூடாக்கும். அதனால்தான் 2016-இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் மான்ட்ரியல் உடன்படிக்கை மீண்டும் திருத்தப்பட்டது. அத்திருத்தத்தை இந்தியாவும் ஏற்றுள்ளது. வெயில் கூடக் கூடக் குளிர்சாதனங்களின் விற்பனையும் கூடும் நம் நாட்டில், அவற்றுக்குள் அடைக்கப்படும் வாயு எது, பழுதுபார்க்கும்போதும் உடைக்கும்போதும் அது எங்கே விடப்படுகிறது என்பது வாங்குவோரும் அரசும் கேட்க வேண்டிய கேள்வி.

புதிய வேதிப்பொருள் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவருபவரே அதன் நீண்டகாலப் பாதுகாப்பை மெய்ப்பிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் தம் நோயைச் சான்றாகக் காட்டும்வரை காத்திருக்கக் கூடாது. 1925-இல் ஆலிஸ் ஹாமில்டன் போன்றோர் முன்வைத்த எச்சரிக்கையின் சாரம் இதுவே. அன்று அதைச் செவிமடுக்காததன் விலையை உலகம் ஒரு நூற்றாண்டுக் காலம் செலுத்தியது. இன்னொரு நூற்றாண்டுக்கும் அந்தக் கடனை நீட்டிக்காமல் இருப்பது சட்டம் இயற்றுவோரின் கையில் இருக்கிறது.