மீனுக்கு ஊசி போட்ட விஞ்ஞானி!

ஞாயிற்றுக்கிழமை. பாடியில் மீன் கடை முன் கூட்டம். கட்லா, ரோகு என்று கேட்டு வாங்குகிறார்கள். இவை குளத்தில் வளரும் மீன்கள். ஆனால், குளத்தில் இவை தாமாக முட்டை இடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியுமா?

ஆம்! இவை ஆற்று மீன்கள். மழைக் காலத்தில் வெள்ளம் புரண்டு ஓடினால்தான் முட்டை இடும். குளத்தில் விட்டால் நன்றாகக் கொழுக்கும். வயிற்றில் முட்டையும் நிறையும். ஆனால் வெளியே வராது.

எனவே, மீன் குஞ்சு வேண்டுமானால் ஆற்றுக்குத்தான் போக வேண்டும். வெள்ளத்தில் வலை கட்டிப் பிடிப்பார்கள். நல்ல குஞ்சுகளோடு, அவற்றையே தின்னும் மீன்களின் குஞ்சுகளும் கலந்து வரும். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. குளம் வைத்திருந்தவர்கள் வானத்தைப் பார்த்து நிற்பார்கள்.

இந்தக் கஷ்டத்தைத் தீர்த்தவர் ஹீராலால் சவுத்ரி.

ஆராய்ச்சியில் இறங்கினார்

இவர் 1921ம் ஆண்டு சில்ஹெட் பகுதியில் பிறந்தார். அது இப்போது வங்காள தேசத்தில் இருக்கிறது. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். பிறகு, பராக்பூர் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது. மீனுக்கு அது மிகச் சிறியது. முட்டை இடுவதற்கு உடலுக்கு உத்தரவு போடுவது அதுதான்! அதில் ஊறும் சத்துக்கு ஹார்மோன் என்று பெயர். பிரேசில் நாட்டில் 1930களிலேயே இந்தச் சுரப்பியைக் கொண்டு மீன்களை முட்டை இடச் செய்தார்கள். நம் நாட்டுக் கெண்டை மீன்களிடம் அது எளிதில் பலிக்கவில்லை.

சவுத்ரி விடவில்லை. எந்த மீனின் சுரப்பி, எவ்வளவு அளவு, எந்த நேரம் என்று மீண்டும் மீண்டும் சோதித்தார்.

வெற்றி!

1957 ஜூலை 10. ஒரிசாவில் உள்ள அங்குல். சவுத்ரியும், அவருடன் உழைத்த கேரள விஞ்ஞானி அலிகுஞ்சும் கெண்டை மீன்களுக்கு ஊசி போட்டார்கள். மீன்கள் முட்டை இட்டன. குஞ்சும் பொரித்தது!

முறை எளிதுதான். முதிர்ந்த மீனின் சுரப்பியை எடுத்து அரைத்து, நீரில் கலந்து, தெளிந்ததைப் பெண் மீனுக்கு இரண்டு தடவை ஊசியில் ஏற்றுவார்கள். ஆண் மீனுக்கு ஒரு தடவை போதும். சில மணி நேரத்தில் லட்சக்கணக்கான முட்டைகள்!

இப்போது சுரப்பியைத் தேட வேண்டியதில்லை. ஹார்மோன் மருந்து புட்டியிலேயே கிடைக்கிறது.

இறாலுக்கு வேறு வழி

இறாலில் கதை நேர் எதிர். அதன் கண் காம்பில் உள்ள ஹார்மோன், முட்டை வளராமல் தடுக்கிறது. ஒரு கண்ணை நீக்கினால் முட்டை விரைவில் வளரும். 1943ல் பிரெஞ்சு விஞ்ஞானி பனூஸ் இதைக் கண்டறிந்தார். இறால் பொரிப்பகங்களில் இந்த முறை பரவியது. தாய் இறாலின் கண்ணைப் பறிக்காமல், ஹார்மோன் ஊசியாலேயே அந்தப் பலனைப் பெற முடியுமா என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகிறார்கள்.

சவுத்ரி 2014ல் காலமானார். அவர் வெற்றி கண்ட ஜூலை 10ம் தேதி, 2001 முதல் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

ஆற்று வெள்ளத்துக்காகக் காத்திருந்தவர்கள், இன்று பண்ணையில் குஞ்சு வாங்கி வளர்க்கிறார்கள். அடுத்த முறை வீட்டில் கட்லா குழம்பு கொதிக்கும்போது, குழந்தைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்!